மந்தம் வந்தால் விலைவாசி ஏறுமா, இறங்குமா? நீங்களே பார்த்துக் கணிக்க ஒரு வழி

பொருளாதாரம் சரியப்போகிறது என்று செய்தி வந்த உடனே இரண்டு கட்சி கிளம்பிவிடும். அரசாங்கம் நோட்டு அடித்துத் தள்ளும், பணத்துக்கு மதிப்பே இருக்காது, தங்கம் வாங்கிப் போடு என்பார்கள் ஒரு பக்கம். யார் கையிலும் காசு இருக்காது, எல்லாம் விலை இறங்கும், ரொக்கமாக வைத்துக்கொள் என்பார்கள் இன்னொரு பக்கம். இரண்டும் உலகத்தில் நடந்திருக்கிறது, அதனால் எந்தக் கட்சியையும் கண்ணை மூடிக்கொண்டு நம்ப வேண்டாம்.

முதலில் பார்க்க வேண்டியது, என்ன உடைந்ததால் இந்த மந்தம் வருகிறது என்பது. வாங்குகிறவர்களின் கை உடைந்ததா, பொருள் வருகிற வழி உடைந்ததா, நாணயம் உடைந்ததா?

அமெரிக்காவில் 1929-க்குப் பிறகு உடைந்தது வாங்குகிறவர்களின் கை. ஆயிரக்கணக்கான வங்கிகள் மூடின, அப்போது டெபாசிட்டுக்குக் காப்பீடும் கிடையாது, பலர் போட்ட பணத்தை இழந்தார்கள். 1933-இல் ஏறத்தாழ நான்கில் ஒருவருக்கு வேலை இல்லை. பொருள் இருந்தது, வாங்க ஆள் இல்லை, நான்கே வருடத்தில் விலைவாசி கிட்டத்தட்ட கால்பங்கு இறங்கிவிட்டது. இதுதான் பணவாட்டம்.

இலங்கையில் 2022-இல் உடைந்தது நாணயம். இறக்குமதி செய்ய டாலர் இல்லை, ஏப்ரலில் வெளிநாட்டுக் கடனைக் கட்ட முடியாது என்று அரசே அறிவித்தது, மார்ச் தொடக்கத்தில் ஒரு டாலருக்கு சுமார் 200 ரூபாயாக இருந்தது மே மாதத்துக்குள் 360-ஐத் தாண்டியது. 2021 செப்டம்பரில் 380 ரூபாய்க்கு விற்ற 400 கிராம் பால்மா (பால் பவுடர்) பாக்கெட் 2022 மார்ச்சில் 790 ரூபாய். அந்த வருடம் நாட்டின் உற்பத்தி 7 சதவீதத்துக்கு மேல் சுருங்கியது, அதே வருடம் செப்டம்பரில் கொழும்பு விலைக் குறியீட்டின்படி பணவீக்கம் 69.8 சதவீதம்! வருமானமும் போய் விலையும் ஏறினால் ஒரு குடும்பம் எப்படித் தாங்கும் என்பதை யாழ்ப்பாணத்திலோ மலையகத்திலோ சொந்தக்காரர்கள் உள்ளவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை.

அடுத்தது, நாடு யாருடைய பணத்தில் கடன்பட்டிருக்கிறது என்று பாருங்கள். ஜப்பான் அரசின் கடன் அந்த நாட்டு மொத்த உற்பத்தியைப் போல் இரண்டு மடங்குக்கும் மேல், ஆனால் அது யென்னில் வாங்கிய கடன். அந்த நாட்டு மத்திய வங்கி வருடக்கணக்காகப் பணத்தைப் புழக்கத்தில் விட்டும் விலை ஏறவே மறுத்தது. டாலரில் கடன்பட்ட நாட்டுக்கு அந்த வசதி இல்லை, சொந்த நோட்டை அடிக்க அடிக்க டாலர் விலைதான் ஏறும்.

மூன்றாவது, என் கணிப்பில் பலரும் கோட்டை விடுகிற இடம், அச்சடித்த பணம் எங்கே போய் உட்கார்ந்தது என்பது. 2008-இல் அமெரிக்க மத்திய வங்கி கோடிகோடியாகப் பணத்தை உள்ளே விட்டது, பணவீக்கம் வெடிக்கும் என்று பலர் எச்சரித்தார்கள், ஆனால் பணத்தில் பெரும்பகுதி வங்கிகளின் இருப்பாகவே தூங்கியது, கடன் கொடுக்கவும் ஆள் இல்லை கேட்கவும் ஆள் இல்லை, 2009-இல் அங்கே சராசரி விலை கொஞ்சம் இறங்கவே செய்தது. கொரோனா காலத்தில், 2020, 2021-இல், அமெரிக்க அரசு கொடுத்த பணம் 1,200, 600, 1,400 டாலர் என்று மக்கள் கைக்கே நேராகப் போனது, அதே நேரம் தொழிற்சாலையும் கப்பலும் முடங்கிக் கிடந்தன, 2022 ஜூனில் பணவீக்கம் 9.1 சதவீதம். ஆக, வங்கிக் கடன் மாதாமாதம் வளர்கிறதா, சம்பளம் ஏறுகிறதா என்று கவனியுங்கள். இரண்டும் படுத்துக் கிடந்தால், நாணயமும் ஆடாமல் இருந்தால், விலை இறங்கும் பக்கமே வாய்ப்பு அதிகம்.

புள்ளிவிவரம் படிக்கும்போது ஒரு எச்சரிக்கை. பணவீக்கம் குறைந்தது என்றால் விலை குறைந்தது என்று அர்த்தமில்லை. இலங்கையில் 69.8-இலிருந்து 2023 செப்டம்பரில் 1.3-க்கு வந்தபோது, ஏறிய விலை ஏறியபடியேதான் இருந்தது, மேலும் ஏறுவது மட்டும் கிட்டத்தட்ட நின்றது. 2024 செப்டம்பரில் பணவீக்கம் மைனஸுக்கே போனது, அதாவது ஒரு வருடத்துக்கு முன்பைவிட விலை கொஞ்சம் இறங்கியது, ஆனால் அந்த வருடம் பொருளாதாரம் 5 சதவீதம் வளர்ந்தது. இறக்கத்துக்கு முக்கியக் காரணம் மின் கட்டணமும் எரிபொருளும் குறைந்ததும் ரூபாய் வலுப்பெற்றதும். 1930-களின் பணவாட்டத்தோடு இதைச் சேர்த்துப் பேசுவது தப்பு. எந்தப் பொருள் இறங்கியது என்று பிரித்துப் பாருங்கள்: ஒன்றிரண்டு இறங்கினால் நல்லது, சம்பளம், வாடகை, துணி, நிலம் என்று எல்லாமே சேர்ந்து இறங்கினால்தான் பயப்பட வேண்டும்.

ஏன் பயம்? மாதம் 30,000 ரூபாய் தவணை கட்டும் ஒரு துணிக்கடைக்காரரை எடுத்துக்கொள்ளுங்கள். சட்டை 300 ரூபாய் என்றால் 100 சட்டை விற்ற பணம் தவணைக்குப் போகும். சட்டை 250-க்கு இறங்கினால் 120 விற்க வேண்டும், அதுவும் வாங்க ஆளில்லாத நேரத்தில். தவணை ஒரு ரூபாயும் குறையாது.

சரி, வீட்டில் என்ன செய்வது? நாணயம் உடையும் அறிகுறி தெரிந்தால், அதாவது அந்நியச் செலாவணி இருப்பு மாதாமாதம் கரைந்து, இறக்குமதிக்குத் தடை மேல் தடை வந்து, வங்கியில் ஒரு டாலர் விலையும் வெளியில் ஒரு விலையுமாக இருந்தால், எல்லாப் பணத்தையும் நீண்டகால டெபாசிட்டில் பூட்டாதீர்கள், வருடம் முழுக்கத் தேவைப்படும் மருந்துக்கும் மற்ற இறக்குமதிப் பொருளுக்கும் முன்னாலேயே வழி பண்ணுங்கள். வாங்கும் கை உடையும் அறிகுறி தெரிந்தால், அதாவது வங்கிக் கடனும் சம்பளமும் படுத்துக் கிடந்தால், கடனைக் குறைப்பதுதான் முதல் வேலை, புதிதாக வீட்டுக்கடனுக்குக் கையெழுத்துப் போடுவதைத் தள்ளிவையுங்கள். எது என்று தெளிவாகத் தெரியாத காலத்தில் ஆறு மாதச் செலவுக்கு ரொக்கம், கொஞ்சம் தங்கம், அதிக வட்டிக் கடனை அடைப்பது, இந்த மூன்றையும் சேர்த்துச் செய்யுங்கள். அப்புறம், மூன்று மாதத்துக்கு ஒருமுறை மேலே சொன்னதையெல்லாம் திரும்பப் பாருங்கள், ஏனென்றால் இலங்கையில் 69.8-க்கும் மைனஸுக்கும் நடுவில் இரண்டே வருடம்தான்.