ரயில்வே அரசியல்வாதி கதைய எழுதோணுமா, மொதல்ல நெலத்த பாருங்க

காலேஜ் செமினார்ல ஸ்டீபன் டக்ளஸ்ங்கற அமெரிக்க அரசியல்வாதி மாதிரி ஒரு ஆள குடுத்துட்டா நம்ம பசங்க என்ன பண்றாங்க, 1813ல வெர்மான்ட்ல பொறந்தாரு, வக்கீல், ஜட்ஜ், செனட்டர், லிங்கன் கூட 7 விவாதம், 1861ல சிகாகோல செத்தாருன்னு வரிசையா போட்டு முடிச்சுர்றாங்க. அது பயோடேட்டாங்க. கதையா வரோணும்னா இப்படி பண்ணுங்க.

ஒரு மேப் எடுத்து சிகாகோ, இல்லினாய் மாநிலத்தோட தெக்கு முனைல இருக்கற கெய்ரோ, இன்னும் தெக்க கடலோரம் இருக்கற மொபைல்ங்கற ஊரு, இந்த மூணையும் பென்சில்ல ஒரே கோடா சேருங்க. அவரு அரசியல் பாதி இந்த கோட்டுல இருக்குது. இல்லினாய்க்கு மட்டும் ரயிலுக்கு மத்திய சர்க்கார் நெலம் கேட்டப்ப தெக்கத்தி மாநிலத்துக்காரங்க ஓட்டு போடல, சரி லைன உங்கூரு வரைக்கும் நீட்டறேன்னு மொபைல சேத்தாரு, 1850ல சட்டம் பாஸ் ஆயிருச்சு.

அடுத்தது நெலக் கணக்கு, இங்க அவசரப்படாதீங்க. தண்டவாளத்துக்கு ரெண்டு பக்கமும் 6 மைல் வரைக்கும் நெலத்த 640 ஏக்கர் கட்டங்களா பிரிச்சு ஒண்ணு விட்டு ஒண்ணு மாநிலத்துக்கு, அவங்க அத இல்லினாய் சென்ட்ரல்ங்கற ரயில் கம்பெனிக்கு குடுத்தாங்க, மொத்தம் சுமார் 25 லட்சம் ஏக்கர். மிச்ச கட்டத்துக்கு சர்க்கார் ஏக்கர் 1.25 டாலர்ல இருந்து 2.50 ஆக்கிருச்சு. பாதி ஓசில போனாலும் மீதி பாதில அதே காசு வந்துரும்ங்கற கணக்கு! பைபாஸ் வருதுன்னாலே சைட் ரேட் ஏறுறத பாத்த கோயமுத்தூர்க்காரங்களுக்கு இத வெளக்கவே வேண்டாமுங்க. 1856ல 705 மைல் லைன் முடிஞ்சுது.

பக்கத்துல நம்ம போத்தனூர வெச்சு பாருங்க. 1862ல அங்க லைன் வந்தப்ப மெட்ராஸ் ரயில்வேக்கு சர்க்கார் தந்த தைரியம், போட்ட மொதலுக்கு 5% வட்டி கியாரண்டி. முதலாளிய இழுக்க அங்க நெலம், இங்க வட்டி, வட்டிக்கு காசு நம்ம சனங்க கட்டுன வரில இருந்து.

அப்புறம் ஆளோட சொந்த சொத்து. 1847ல சிகாகோக்கு குடி வந்து ஏரிக்கரை பக்கம் நெலம் வாங்குனாரு, அதுல கொஞ்சத்த அதே ரயில் கம்பெனிக்கு வித்தாரு. சம்சாரம் வழியா மிசிசிப்பில பருத்தித் தோட்டம், அடிமைகளோட, வருமானத்துல இவருக்கும் பங்கு. நீங்க திட்டவும் வேண்டாம் பாராட்டவும் வேண்டாம், வருசத்த பக்கத்து பக்கத்துல போட்டா போதும்.

இத எழுதிட்டு 1854க்கு வாங்க, அப்பத்தான் கன்சாஸ் நெப்ராஸ்கா சட்டம் புரியும். மேற்க ரயில் போகோணும்னா அந்த பக்கம் ஆட்சி அமையோணும், அதுக்கு தெக்கத்தி ஓட்டு வேணும், அதுக்காக, இதுக்கு வடக்க அடிமை முறை கூடாதுன்னு 1820ல போட்ட எல்லைய தூக்கிட்டு, அங்க குடியேறுறவங்களே முடிவு பண்ணிக்கட்டும்னு விட்டாரு. கன்சாஸ்ல வெட்டு குத்து, எதுத்து கெளம்பின கூட்டத்துல இருந்து ரிபப்ளிகன் கட்சி. மொபைல் வரைக்கும் லைன நீட்டுன அதே பேரம்தான், இந்த தடவ வெல சாஸ்தி.

விவாதத்துக்கு ஒரு பாரா போதும், நெட்ல நெறைய கெடக்குது. ஆனா லிங்கனும் இல்லினாய் சென்ட்ரலுக்கு வக்கீலா இருந்தாரு, பீஸ் 5000 டாலர் வரலைன்னு 1857ல அந்த கம்பெனி மேலயே கேஸ் போட்டு ஜெயிச்சாரு, இத மட்டும் விட்றாதீங்க. 1860 எலெக்சன் ரிசல்ட்ட கடைசில வைங்க: மாநில வாரியா எண்ணுற எலெக்டோரல் ஓட்டுல லிங்கன் 180, டக்ளஸ் 12.