பிள்ளையை வேலைக்குக் கேட்டு வந்தால்

"கொழும்பில் நல்ல வீடு, படிக்கவும் வைப்பாங்க" என்று யாராவது லயத்துக்கு, அதாவது தேயிலைத் தோட்டத்து வரிசை வீடுகளுக்கு, வந்து பிள்ளையைக் கேட்டால், அன்றே பதில் சொல்லாதீர்கள். அவருடைய அடையாள அட்டையை வாங்கிப் பாருங்கள். பெயர், இலக்கத்தைக் கொப்பியில் எழுதி, போனில் படமும் எடுங்கள். தெரிந்த அக்கா கூட்டி வந்த ஆள் என்றாலும் சரி, விடாதீர்கள். தெரிந்த முகத்தை நம்பித்தானே பிள்ளையை அனுப்பிவிடுகிறோம்! முற்பணக் காசைத் தொடவே கூடாது, அப்புறம் பிள்ளையைத் திருப்பிக் கேட்க வாய் வராது. 16 வயதுக்குக் குறைந்த பிள்ளையைக் கடைக்கோ, 18 வயதுக்குக் குறைந்த பிள்ளையை வீட்டு வேலைக்கோ வைப்பது சட்டவிரோதம். பக்கத்து லயத்துப் பிள்ளை நாலைந்து நாளாகப் பள்ளிக்கூடம் போகவில்லையா? கொழுந்து நிறுக்கும் இடத்திலேயே தாயிடம் விசாரியுங்கள். சந்தேகம் என்றால் உடனே சிறுவர் பாதுகாப்பு அதிகாரசபையின் உதவி இலக்கமான 1929க்கு அழையுங்கள். இலவசம், தமிழிலேயே பேசலாம்.