கோலாலம்பூரில் வாழை இலைச் சாப்பாடு: பில் எகிறாமல் நிறைவாகச் சாப்பிட

வாழை இலைச் சாப்பாட்டில் இலைக்கு ஒரு விலை. சோறு, மூன்று வகைக் காய்கறி, அப்பளம், ஊறுகாய், மோர் மிளகாய், ரசம், குழம்பு எல்லாம் அதற்குள் அடக்கம். பெரும்பாலான கடைகளில் சோறும் காயும் குழம்பும் மறுபடி கேட்டால் தனிக்காசு வாங்குவதில்லை. பில் ஏறுவதெல்லாம் தட்டில் வரும் கறி, மீன், நண்டால்தான். இலைக்கு 12 வெள்ளி (மலேசிய ரிங்கிட்) என்று நினைத்து உட்கார்ந்தவர் 40 வெள்ளி கட்டி எழுந்தால், காரணம் அந்தத் தட்டுதான்.

கோலாலம்பூரின் 'லிட்டில் இந்தியா'வான பிரிக்பீல்ட்ஸ் பக்கம் என்றால் காரை மறந்துவிடுங்கள். மதிய நேரத்தில் நிறுத்த இடம் தேடுவதற்குள் பசி அடங்கிவிடும். கே.எல். சென்ட்ரல் ரயில் நிலையத்தில் இறங்கினால் அங்குள்ள ஜாலான் துன் சம்பந்தன் சாலை நடக்கும் தூரம்தான். 12 மணிக்கு முன்பே போய் உட்காருங்கள். பொரித்த மீன் அப்போதுதான் சட்டியிலிருந்து இறங்கியிருக்கும், குழம்பும் சூடாக இருக்கும். ஒரு மணிக்கு அலுவலகக் கூட்டம் வந்துவிட்டால் பரிமாறுபவருக்கு உங்கள் பக்கம் திரும்ப நேரமிருக்காது. இரண்டரைக்கு மேல் போனால் நல்ல காய் தீர்ந்திருக்கும். திரும்பத் திரும்பச் சூடாக்கிய ரசத்தில் மணம் போய்ப் புளிப்புதான் மிஞ்சும். வெள்ளிக்கிழமை சைவக் கடைகளில் கூட்டம் அதிகம். புரட்டாசியில் கேட்கவே வேண்டாம்.

சைவம் சாப்பிடுபவர் அதை இலை விழும் முன்பே சொல்லிவிட வேண்டும். குழம்பு எடுத்து வருபவர் கையில் இருக்கும் தூக்கைக் கவனித்துப் பாருங்கள்: சாம்பார், கோழி, மீன் எல்லாம் ஒட்டினாற்போல் வாளி வாளியாகத் தொங்கும். அவசரத்தில் மீன் குழம்புக் கரண்டி சாம்பாருக்குள் போய்விடும், யாரும் வேண்டுமென்று செய்வதில்லை. "அண்ணே, இந்த இலை சைவம், சாம்பார் உள்ளேயிருந்து தனியா கொண்டு வாங்க" என்றால் நல்ல கடைக்காரர் முகம் சுளிக்க மாட்டார். கண்டிப்பான விரதத்தில் இருப்பவர் முழுச் சைவக் கடைக்கே போவது நல்லது.

இலையில் தண்ணீர் தெளித்துத் துடைத்துவிடுங்கள். வெள்ளைச் சோறா, புழுங்கலா என்று கேட்கும் கடைகளும் உண்டு. குழம்பு நிறைய ஊற்றிச் சாப்பிடப் புழுங்கல்தான் தாங்கும், சீக்கிரம் குழையாது. முதல் கரண்டிச் சோற்றைப் பாதியாகப் பிரித்து ஒரு பாதியில் மட்டும் குழி பறித்துக் குழம்பை வாங்குங்கள். எல்லாவற்றையும் ஒரேயடியாக ஊற்றச் சொன்னால் குழம்பு இலை ஓரம் தாண்டி மடியில் வழியும், எதன் ருசியும் தனியாகத் தெரியாது. அப்பளம் சோற்றுக்கு அடியில் போனால் நமத்துவிடும். இலையின் மேல் ஓரத்தில் காய்களுக்குப் பக்கத்தில் இருக்கட்டும். ரசத்தைக் குவளையில் கேளுங்கள், கடைசிச் சோற்றுக்கு வேண்டிய அளவு ஊற்றிக்கொண்டு மிச்சத்தைக் குடித்துவிடலாம்.

இனி அந்தத் தட்டு. ஆட்டுக்கறிப் பிரட்டல், கோழி வறுவல், சொத்தோங் (கணவாய்), பொரித்த மீன் எல்லாம் ஏந்திக்கொண்டு ஒருவர் மேசைக்கு வருவார். தலையை ஆட்டினால் போதும், தட்டு உங்கள் மேசையில் இறங்கிவிடும். இறங்கியதெல்லாம் பில்லில் ஏறும். இறங்கும் முன் "இது எவ்வளவுண்ணே?" என்று கேட்பதில் வெட்கமே வேண்டாம். நண்டு, பெரிய இறால், மீன் தலைக்கறி மூன்றுக்கும் விலை அளவைப் பொறுத்தது. வெறும் விலை மட்டும் கேட்டால் சின்னத் தலையின் விலையைச் சொல்வார்கள், வருவது பெரிய தலையாக இருக்கும். "இந்தத் தலை எவ்வளவு?" என்று பார்த்துக் கேளுங்கள். கறி குழம்பின் சாற்றுக்குக் காசில்லை, துண்டுக்குத்தான் காசு. ஆட்டுக்கறி ருசி வேண்டும், துண்டு வேண்டாம் என்றால் சாற்றை மட்டும் கேட்டு வாங்கலாம்.

ஆறு பேருக்கு ஆறு இலை, நடுவில் மூன்று தட்டு தாராளம்: பிரட்டல் ஒன்று, வறுவல் ஒன்று, பொரித்த மீனோ சொத்தோங்கோ ஒன்று. ஆளுக்கொரு தட்டு எடுத்தால் பாதி மீந்துவிடும், சோறும் காயும் அத்தனை இருக்கின்றன. இரண்டு பிள்ளைகளுக்கு ஒரே இலை போடச் சில கடைகள் சம்மதிக்கும், சில சம்மதிக்காது. உட்காரும்போதே கேட்டுவிடுங்கள்.

சாப்பிட்டு முடித்ததும் இலையை உங்கள் பக்கமாக மடியுங்கள். கல்லாவுக்குப் போகும் முன் மேசையில் எழுதிய சீட்டை தட்டுகளோடு ஒப்பிட்டுப் பாருங்கள். கூட்ட நேரத்தில் பக்கத்து மேசை நண்டு உங்கள் சீட்டில் ஏறுவது சாதாரணம், அங்கேயே சொன்னால் உடனே சீட்டிலிருந்து நீக்கிவிடுவார்கள். பெரிய கடைகளில் 6 விழுக்காடு சேவை வரி சேரும்: 50 வெள்ளிக்கு 3 வெள்ளி. சேவைக் கட்டணம் என்று தனியாகப் போட்டிருந்தால் அது கடை வாங்குவது, அரசாங்க வரி இல்லை.

வீட்டுக்குக் கட்டிக்கொண்டு போவதென்றால் குழம்பும் ரசமும் தனித்தனிப் பையில் வேண்டும் என்று சொல்லுங்கள். சோற்றிலேயே ஊற்றிக் கட்டினால் வீடு போய்ச் சேர்வதற்குள் களியாகிவிடும்.

வீட்டில் சர்க்கரை நோயாளி இருந்தால் குடிக்கக் கேட்கும் பானத்தில் கவனம் வேண்டும். வெறும் "தே" என்றால் இனிப்புப் பால் ஊற்றிய தேநீர். "தே கோசோங்" என்று சொன்னாலும் சில கடைகளில் சீனிதான் போடமாட்டார்கள், டின் பாலில் இருக்கிற இனிப்பு அப்படியே இருக்கும். பால் வேண்டும், இனிப்பு வேண்டாம் என்பவர் "தே சி கோசோங்" கேட்க வேண்டும். அதில் இனிப்பில்லாத டின் பால். பாலும் வேண்டாம் என்றால் "தே ஓ கோசோங்".