அப்பாவும் மகளும் சிறு விமானத்தில்: முதல் பறப்புக்குத் தயாராவது எப்படி?

சுங்கை சிப்புட் தோட்டப்புறத்தில் வளரும் பிள்ளைகளுக்கு விமானம் என்றால் பெரும்பாலும் தலைக்கு மேலே கேட்கும் சத்தம்தான். ஆனால் ஈப்போ சுல்தான் அஸ்லான் ஷா விமான நிலையம் இங்கிருந்து நேர்கோட்டில் முப்பது கிலோமீட்டருக்குள் இருக்கிறது. மகளை நான்கு இருக்கை விமானத்தில் அழைத்துப் போக ஆசைப்படும் அப்பாக்களுக்காக இதை எழுதுகிறேன். முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன்: அவளை வெறும் பயணியாக உட்கார வைக்காதீர்கள், வேலை கொடுங்கள். பறப்பது கொஞ்ச நேரம்தான். அதற்கு முன் இருவரும் சேர்ந்து உட்கார்ந்து தயாராகும் நாள்களில்தான் நிறைய பேச முடியும்.

படி 1: விசாரியுங்கள்

பறக்கும் கிளப்புக்கோ விமானப் பயிற்சிப் பள்ளிக்கோ போன் செய்து, அறிமுகப் பயிற்சிப் பறப்பு உண்டா என்று கேளுங்கள். பயிற்றுநருக்கு உரிமம் இருக்கிறதா, காப்புறுதி உண்டா, கட்டணத்தை எப்படிக் கணக்கிடுகிறார்கள், மழை வந்தால் வேறு தேதி தருவார்களா, மகளின் வயதும் உயரமும் போதுமா என்பதை எல்லாம் கேட்க வேண்டும். அந்தப் போனை மகளே பேசட்டும். நீங்கள் பக்கத்தில் இருந்தால் போதும்.

படி 2: எடையைச் சொல்லுங்கள்

எல்லோருடைய எடையையும் கேட்பார்கள், கூச்சப்படாமல் உண்மையைச் சொல்லுங்கள். செஸ்னா 172 எஸ் வகை நான்கு இருக்கை விமானம், தன் சொந்த எடையோடு ஆள், பை, எண்ணெய் எல்லாம் சேர்த்து 1,157 கிலோவுக்கு மேல் எடையோடு கிளம்பக் கூடாது. பயன்படுத்தக்கூடிய எரிபொருளே நிரப்பினால் சுமார் 200 லிட்டர், ஏறக்குறைய 145 கிலோ. பெரிய ஆள்கள் நான்கு பேரும் நிறைந்த தொட்டியும் பல சமயம் ஒத்துவராது. இந்தக் கூட்டல் கணக்கை மகளையே போடச் சொல்லுங்கள்.

படி 3: வரைபடம் வரையுங்கள்

இந்தப் படிக்கு மட்டும் ஒரு மாலை முழுவதையும் ஒதுக்குங்கள். பெரிய தாளில் சுங்கை சிப்புட்டையும் விமான நிலையத்தையும் குறித்துக் கோடு போடுங்கள். ரயில் தண்டவாளம், வடக்கு-தெற்கு நெடுஞ்சாலை, ஈப்போவைச் சுற்றியுள்ள சுண்ணாம்புக்கல் மலைகள், கல்லுமலை முருகன் கோயில் இருக்கும் குனோங் செரோ, இவையெல்லாம் அடையாளங்கள். கிழக்கே தித்திவங்சா மலைத்தொடர் இருப்பதால் திசை குழம்பாது. மணிக்கு 200 கிலோமீட்டர் வேகத்தில் போனால் நம் ஊர் வரை எத்தனை நிமிடம் என்று அவள் கணக்குப் பார்க்கட்டும். ஊருக்கு மேலே போக முடியுமா என்பதை அன்றைய வானிலையும் கட்டுப்பாட்டுக் கோபுரமும் முடிவு செய்யும். அதையும் முன்கூட்டியே சொல்லி வையுங்கள்.

தோட்டத்தில் வேலை பார்த்த அப்பாக்கள் கொடுத்து வைத்தவர்கள். மேலிருந்து எது செம்பனை, எது பால்மரம் என்று காட்ட உங்களைவிட ஆள் கிடையாது. செம்பனையை முக்கோண அமைப்பில் நடுவார்கள், அதன் ஓலைகள் சுற்றிலும் விரிவதால் மேலே இருந்து நட்சத்திரம் நட்சத்திரமாகத் தெரியும். பிப்ரவரி, மார்ச் மாதங்களில் பால்மரம் இலை சிவந்து உதிர்க்கும், அப்போது இன்னும் சுலபம். தாத்தா பாட்டி இருந்த லயம் எந்தப் பக்கம், எந்த ஆற்றோரம் என்பதையும் தாளில் குறித்துக் கொடுங்கள். அந்தக் கதையை அவளுக்குச் சொல்ல இதைவிட நல்ல நேரம் வாய்க்காது.

படி 4: காலையிலேயே போங்கள்

கிந்தா பள்ளத்தாக்கில் மதியத்துக்குப் பிறகு இடிமழை திரளும், வெயில் ஏற ஏற விமானமும் குலுங்கும். மூடுபனி கலைந்த காலை நேரமே நல்லது. இட்லி மாதிரி இலேசாகப் பசியாறுங்கள். சந்தானில் வெந்த நாசி லெமாக்கைத் திரும்பி வந்து சாப்பிடலாம். காது அடைத்தால் எச்சில் விழுங்கச் சொல்லுங்கள், மிட்டாய் உதவும்.

படி 5: விமானத்தைச் சுற்றி வாருங்கள்

ஏறுவதற்கு முன் பயிற்றுநர் விமானத்தைச் சுற்றிச் சோதனை செய்வார். "நாங்களும் கூட வரலாமா?" என்று கேளுங்கள். சிறு குப்பியில் எரிபொருளைப் பிடித்து வெளிச்சத்தில் பார்ப்பார். இந்தச் சிறு விமானங்களுக்கு ஊற்றும் 100 எல்எல் வகை எரிபொருள் நீல நிறமாக இருக்கும். தண்ணீர் கலந்திருந்தால் கனம் காரணமாக அடியில் துளியாகத் தங்கும். நம் ஊர் ஈரக் காற்றில் தொட்டிக்குள் நீர் படியலாம் என்பதால் இதை யாரும் விடுவதில்லை. இறக்கையின் கீழே நீட்டிக்கொண்டிருக்கும் பிடோ குழாய்தான் வேகத்தை அளக்க உதவுகிறது. அதில் குளவி மண் வைத்து அடைத்துவிட்டால் வேகமானி பொய் சொல்லும். அந்தக் குழாயைப் பார்க்கும் வேலையை மகளுக்குக் கேட்டு வாங்குங்கள்.

படி 6: மேலே

அறிமுகப் பறப்பில் கற்பவர் பெரும்பாலும் முன்னால் இடப்பக்கம் உட்காருவார், பயிற்றுநர் வலப்பக்கம். அந்த இடம் மகளுக்கு. நீங்கள் பின்னால் அமர்ந்து, பயிற்றுநர் பேசும்போது குறுக்கிடாமல் இருங்கள். கட்டுப்பாட்டை ஒப்படைக்கும்போது அவர் வாய்விட்டுச் சொல்வார், மகளும் அதைத் திருப்பிச் சொல்ல வேண்டும். யார் ஓட்டுகிறார் என்பதில் சந்தேகமே வரக்கூடாது. கைப்பிடியை விரல்களால் இலேசாகப் பிடித்தால் போதும், இறுக்கினால் விமானம் அலையும். கண் கருவிகளில் ஒட்டிக்கொள்ளாமல் வெளியே அடிவானத்தில் இருக்கட்டும். விமானத்தின் மூக்கு அடிவானத்துக்கு மேலே ஏறுகிறதா கீழே இறங்குகிறதா என்பதுதான் முதல் பாடம். தலைசுற்றலுக்கும் அடிவானத்தைப் பார்ப்பதே மருந்து.

இறங்கிய பிறகு

தேதி, விமானத்தின் பதிவெண் (மலேசிய விமானங்களுக்கு 9எம் என்று தொடங்கும்), பறந்த நேரம், பார்த்த இடங்கள் எல்லாவற்றையும் அன்றே ஒரு நோட்டில் எழுதச் சொல்லுங்கள். அவளுக்கு ஆசை பிடித்துவிட்டால், அனைத்துலக விதிப்படி தனியார் விமானி உரிமத்துக்குக் குறைந்தது 17 வயது வேண்டும், பொதுவாக 40 மணி நேரப் பறப்பும் வேண்டும். பணம் சேர்க்கும் முன் மருத்துவத் தகுதிச் சோதனையை, முக்கியமாகக் கண்ணையும் நிறப் பார்வையையும், பார்த்துவிடுங்கள். கண்ணாடி போட்டிருப்பதே தடையாகாது.