பூச்சியின் குணமும் அது வளர்ந்த கூட்டமும்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

சமையலறை விளக்கைப் போட்டதும் கரப்பான்கள் நொடியில் இடுக்குகளுக்குள் மறைந்துவிடும். ஒன்று மட்டும் தரை நடுவில் நின்று உணர்கொம்பை ஆட்டிக்கொண்டிருக்கும். உடனே 'இது துணிச்சலான கரப்பான்' என்று சொல்லத் தோன்றும். பூச்சிகளின் ஆளுமையைப் பற்றிய முதல் தவறு இந்த இடத்தில்தான் நடக்கிறது. ஒருமுறை கண்ட நடத்தை குணம் ஆகாது. அந்தக் கரப்பான் சற்றுமுன் தோலுரித்ததாக இருக்கலாம், பசியோடு இருக்கலாம், இரவுக் குளிரில் கால்கள் மந்தமாகியிருக்கலாம். அதே பூச்சியை வெவ்வேறு நாள்களில், ஒரே வெப்பநிலையில் பார்க்க வேண்டும். ஒவ்வொரு முறையும் அது மற்றவற்றைவிடத் துணிவாக நடந்துகொண்டால்தான் ஆளுமை என்ற சொல்லுக்கு அங்கே இடமுண்டு. விலங்கு நடத்தை பற்றிய ஏராளமான ஆய்வுகளை 2009இல் தொகுத்துப் பார்த்தபோது, நடத்தையில் காணப்படும் வேறுபாட்டில் சராசரியாக 37 விழுக்காடுதான் தனி விலங்குகளுக்கிடையே நிலைத்து நிற்கும் வேறுபாடு என்று தெரியவந்தது.

அடுத்தது, ஒரு பூச்சியில் கண்டதை எல்லாப் பூச்சிகளுக்கும் பொதுவிதியாக்கிவிடுவது. பிரான்ஸின் ரென் நகரில் ஜெர்மன் கரப்பான்களை வைத்து நடந்த ஆய்வு 2009இல் வெளியானது. (பெயரில் ஜெர்மனி இருந்தாலும், இந்த இனம் சுமார் 2,100 ஆண்டுகளுக்கு முன் இந்தியா அல்லது மியான்மர் பகுதியில் தோன்றியது என்று 2024இல் மரபணு ஆய்வு காட்டியது.) இளமையில் தனியே வளர்ந்த கரப்பான்கள் புதிய இடத்தைச் சுற்றிப் பார்க்கவும் உணவு தேடி வெளியே வரவும் பிற கரப்பான்களோடு பழகவும் தயங்கின. ஒரு தயக்கத்தோடு மற்றவையும் சேர்ந்தே வந்தன. இதைப் படித்துவிட்டு, தனிமை பூச்சியைக் கோழையாக்கும் என்று எழுதினால் பழ ஈ அதைப் பொய்யாக்கிவிடும். தனியே வளர்த்த ஆண் பழ ஈக்கள் கூட்டத்தில் வளர்ந்தவற்றைவிடக் கடுமையாகச் சண்டையிடுகின்றன. கூட்டத்தில் வாழும்போது ஒரு குறிப்பிட்ட மரபணுவின் செயல்பாடு கூடி, சண்டைக்குணம் தணிகிறது என்பதை 2008இல் கலிபோர்னியாவில் கண்டறிந்தார்கள்.

'கூட்டம்' என்ற ஒரு சொல்லுக்குள் எத்தனை பொருள்கள் அடங்கியிருக்கின்றன என்று பிரித்துப் பார்க்காததுதான் எனக்கு மிகப் பெரிய தவறாகப் படுகிறது. கூட்டத்தில் தொடுகை இருக்கிறது, வாசனை இருக்கிறது, ஓசை இருக்கிறது, உணவுக்கான போட்டியும் இருக்கிறது. பூச்சியை மாற்றுவது இவற்றில் எது? பாலைவன வெட்டுக்கிளியில் இதற்குத் தெளிவான விடை உண்டு. தனித்து வாழும் வெட்டுக்கிளியின் பின்னங்காலைத் தூரிகையால் திரும்பத் திரும்பத் தொட்டுக்கொண்டிருந்தாலே போதும், சில மணி நேரத்தில் அது கூட்டத்தை நாடத் தொடங்கிவிடும். அந்த மாற்றத்தின் பின்னால் செரோடோனின் என்ற நரம்பு வேதிப்பொருள் இருப்பது 2009இல் தெரிந்தது. ஜெர்மன் கரப்பானின் இளம்பூச்சிகள் கூட்டத்தில் விரைவாக வளர்வதற்கும் தொடுகையே முக்கியக் காரணம். ஆகவே ஒரு பூச்சியைத் தனிப் புட்டியில் அடைத்துவிட்டு 'சமூக அனுபவத்தை நீக்கிவிட்டோம்' என்று மட்டும் சொன்னால், எதை நீக்கினோம் என்ற கேள்வி அப்படியே நிற்கிறது.

விரைவான வளர்ச்சி என்றேனே, அதற்குள் இன்னொரு பள்ளம் இருக்கிறது. பிறந்து முப்பதாம் நாளில் இரு குழுக்களையும் சோதித்தால், கூட்டத்தில் வளர்ந்தது ஒரு பருவம் முன்னே போயிருக்கும். நாம் அளப்பது பருவ வேறுபாடாக இருக்கும். அதற்குக் குண வேறுபாடு என்று பெயர் வைத்துவிடுவோம். ஒவ்வொரு முறை தோலுரிக்கும்போதும் பூச்சி அடுத்த பருவத்துக்குப் போகிறது; ஆகவே நாள்களை எண்ணாமல், எத்தனை முறை தோலுரித்தது என்று எண்ண வேண்டும். ஒரு கரப்பானின் முட்டைப் பெட்டியில் 30 முதல் 40 வரை முட்டைகள் இருக்கும். அந்த உடன்பிறப்புகளைப் பிரித்து இரு குழுக்களிலும் போடுவது நல்லது. இல்லாவிட்டால் தாயின் மரபும் வளர்ப்பும் ஒன்றாகக் கலந்துவிடும். கல்லூரிச் செயல்திட்டங்களில் பத்துப் பூச்சிகளை ஒரே பெட்டியில் வளர்த்துவிட்டுப் பத்து மாதிரிகள் என்று கணக்குக் காட்டும் வழக்கமும் உண்டு. அவை ஒன்றின் அனுபவத்தை ஒன்று பகிர்ந்துகொண்டவை. வளர்ப்பைப் பொறுத்தவரை அந்தப் பத்தும் சேர்ந்து ஒரேயொரு மாதிரியாகத்தான் கணக்காகும்.

எறும்பில் வேறொரு எச்சரிக்கை இருக்கிறது. காம்போனோட்டஸ் பேரினத்து வேலைக்கார எறும்பைத் தனியே வைத்தால் ஏறத்தாழ 6 நாளில் இறந்துபோகிறது. பத்துப் பத்தாக வைத்தவை ஏறத்தாழ 66 நாள் வாழ்ந்தன. தனித்த எறும்பு ஓயாமல் நடந்துகொண்டே இருந்தது, உண்டதைச் சரியாகச் செரிக்கவும் இல்லை. செத்துக்கொண்டிருக்கும் உயிரின் தவிப்பை 'சுறுசுறுப்பான ஆளுமை' என்று பதிவு செய்வது எவ்வளவு பெரிய பிழை!

இளமை எப்போது தொடங்குகிறது என்பதிலும் அவசரம் கூடாது. நெருக்கமான கூட்டத்தில் வாழ்ந்த தாய் வெட்டுக்கிளியின் முட்டையிலிருந்து வரும் குஞ்சு, பொரிக்கும்போதே கூட்டத்தை நாடும். அனுபவம் தாயினுடையது, நடத்தை குஞ்சினுடையது. எல்லா அனுபவமும் ஒரே அளவு தங்கும் என்று நினைப்பதும் தவறு. சண்டையில் தோற்ற சுவர்க்கோழி சில மணி நேரம் எதிரியைக் கண்டாலே விலகும். அதைச் சற்றுநேரம் பறக்கவைத்தால் போதும், மறுபடி சண்டைக்கு வந்துவிடும். தேனீயின் கதை வேறு. மூத்த தேனீக்களின் நடனத்தைப் பின்தொடர்ந்து பழகும் வாய்ப்பில்லாமல் வளர்ந்த இளம் தேனீக்கள், தம் நடனத்தில் உணவிருக்கும் திசையையும் தொலைவையும் தவறாகக் காட்டின. நாளடைவில் திசைப்பிழை குறைந்தது. தொலைவுப்பிழை கடைசிவரை திருந்தவில்லை. 2023இல் வெளியான இந்த முடிவைப் படித்த நாளில் எனக்கு வேறு வேலை ஓடவில்லை.

சிலந்திகளைப் பற்றிய பழைய கட்டுரைகளை இங்கே சான்றாகக் கொண்டுவருபவர்கள் கவனிக்க வேண்டியது ஒன்று. சிலந்தி பூச்சியல்ல என்பது ஒருபுறம். கூட்டமாக வாழும் சிலந்திகளின் ஆளுமை குறித்த ஆய்வுக் கட்டுரைகள் பல, தரவுகளில் இருந்த சிக்கலால் 2020 முதல் திரும்பப் பெறப்பட்டுள்ளன. மேற்கோள் காட்டும் முன் அந்தக் கட்டுரை இன்னும் நிற்கிறதா என்று பார்த்துவிடுங்கள்.

கடைசியாக, சராசரியைத் தனி வேறுபாடு என்று எடுத்துக்கொள்ளும் குழப்பம். கூட்டத்தில் வளர்ந்தவை சராசரியாகத் துணிவானவை என்றால், அது குழுக்களுக்கு இடையிலான வேறுபாடு. ஒரே குழுவுக்குள் ஒன்றுக்கொன்று எவ்வளவு விலகி நிற்கின்றன என்பது தனிக் கேள்வி. 2022இல் பம்பிள் தேனீக்களில் இந்தக் கேள்வியைக் கேட்டுப் பார்த்தார்கள். கூட்டுப்புழுப் பருவம் முடிந்ததும் தனிமைப்படுத்தப்பட்டவற்றின் மூளைப் பகுதிகளின் அளவு, கூட்டத்தில் வளர்ந்தவற்றைவிடத் தாறுமாறாக வேறுபட்டது. பழ ஈயிலோ, மரபணு ஏறத்தாழ ஒன்றாகவே இருக்கும் ஈக்களை ஒரேமாதிரி வளர்த்தாலும், ஒன்று பெரும்பாலும் இடப்பக்கம் திரும்பும், மற்றொன்று பெரும்பாலும் வலப்பக்கம் திரும்பும் என்று 2015இல் காட்டினார்கள். தனியே வளர்ந்தவற்றையும் கூட்டத்தில் வளர்ந்தவற்றையும் ஒப்பிட்டு வரைபடம் போடுபவர்கள், ஒரே குப்பியில் வளர்ந்தவை தமக்குள் எவ்வளவு வேறுபட்டன என்ற அளவையும் அதே பக்கத்தில் போட வேண்டும்.