அயினி நாற்காலியைக் காட்சிக்கூடத்தில் ஏற்கும் முன்

இளம் வடிவமைப்பாளர் அயினி (ஆஞ்சிலி) மரப் பலகையில் செய்த நாற்காலியை நாகர்கோவில் காட்சிக்கூடத்துக்குக் கொண்டுவந்தால், முதலில் ஈரமானியை (மரத்தின் ஈரப்பதம் அளக்கும் கருவி) அடிப்பக்கத்தில் அழுத்திப் பாருங்கள். 12 சதவீதத்துக்கு மேல் காட்டினால் இப்போதைக்கு ஏற்க வேண்டாம். இரண்டு பருவமழையும் நனைக்கும் மாவட்டம் இது. இங்கே இறுக்கமாக நிற்கும் பொருத்து, வாங்கியவரின் ஏசி அறையில் மரம் சுருங்கி வாய் பிளக்கும். அகலப் பலகையைத் திருகாணியால் இணைத்திருந்தால் துளை நீள்வட்டமா என்று பாருங்கள். வட்டத் துளையில் பலகை அசைய இடமில்லை, வெடித்துவிடும்.

அடுத்து எண்ணிக்கை, அதாவது இந்த வடிவத்தில் மொத்தம் எத்தனை நாற்காலி செய்வது என்ற வரம்பு. 8 பிரதி, 2 மாதிரி என்று முடிவானால் எட்டில் மூன்றாவதற்கு ‘3/8’ என்பதுபோல் ஒவ்வொன்றின் அடியிலும் செதுக்கச் சொல்லுங்கள். ஒட்டுத்தாள் உப்புக்காற்றில் உரியும். ஒன்பதாவதைச் செய்து விற்றால் முன்பு வாங்கிய எட்டுப் பேரும் சும்மா இருக்கமாட்டார்கள்.

விற்ற பணத்தில் காட்சிக்கூடத்துக்கும் வடிவமைப்பாளருக்கும் பாதிப் பாதி என்பது பரவலான வழக்கம். வண்டிவாடகை, சேதம் யார் பொறுப்பு, பணம் எத்தனை நாளில் என்பதையும் எழுதிக் கையெழுத்து வாங்குங்கள்.