அசைவற்றுக் கிடப்பவருக்கு இஇஜி எடுப்பது எப்படி

தலையில் அடிபட்டோ மூளையில் ரத்தம் கசிந்தோ அசைவில்லாமல் கிடப்பவருக்கு உள்ளே நினைவு இருக்கிறதா என்று பார்க்கும் இஇஜி (மூளையின் மின் அலைகளைப் பதியும் சோதனை), வலிப்புக்கு எடுப்பதைப் போல அரைமணியில் முடித்துவிட்டுப் போகிற வேலை அல்ல. கண்ணால் பார்த்துச் சொல்வது எவ்வளவு தவறும் என்பதை 2009இல் வந்த ஓர் ஆய்வு காட்டியது. உணர்வே இல்லை என்று மருத்துவக் குழு ஒருமித்துச் சொன்ன 44 பேரில் 18 பேருக்கு, முறையான அளவுகோலை வைத்துச் சோதித்தபோது உணர்வின் அடையாளங்கள் தெரிந்தன.

முதலில் மருந்துச் சீட்டைப் பாருங்கள். புரோபோஃபால், மிடசோலம் போன்ற மயக்க மருந்துகள் ஓடினால் அலைகள் தாமாகவே மந்தமாகிவிடும். நிறுத்துவதா என்பது மருத்துவரின் முடிவு. நிறுத்த முடியாதென்றால் மருந்தின் பெயர், வேகம், கடைசி டோஸ் கொடுத்த நேரம் மூன்றையும் பதிவிலேயே குறித்துவிடுங்கள். சோடியம், சர்க்கரை, உடல்சூடு ஆகியவற்றையும் குறியுங்கள்.

அடுத்தது தலையில் எண்ணெய். வீட்டார் அன்போடு தடவியிருப்பார்கள். அதன்மேல் மின்முனை (அலையைப் பிடிக்கும் சிறு உலோகத் தகடு) ஒட்டாது. ஷாம்பு போட்டுத் துடைத்து, உலர்த்தி, மின்முனைகளை '10-20' எனப்படும் சர்வதேச இட அளவு முறைப்படி வையுங்கள். மின்தடை 5 கிலோ ஓமுக்குள் இருக்கட்டும். இரண்டு கைகளிலும் தசையின் அசைவைப் பதியும் தசை மின்முனை அவசியம். ஏன் என்று பிறகு புரியும்.

சற்று நேரம் அமைதியாகப் பதிந்தபின் தூண்டுங்கள்: பெயர் சொல்லி அழைப்பது, கைதட்டுவது, இமையைத் திறப்பது, கடைசியாக நகத்தின்மேல் பென்சிலை வைத்து அழுத்துவது. ஒவ்வொன்றுக்கும் நடுவே அரை நிமிடமாவது இடைவெளி விடுங்கள். அழைப்பவர் அம்மாவோ மனைவியோ ஆனால் நல்லது, வீட்டில் கூப்பிடும் பெயராகவே இருக்கட்டும். அலையின் வேகமோ உயரமோ மாறினால்தான் அது எதிர்வினை. கண் சிமிட்டியதும் தசை இறுகியதும் கணக்கில் வராது. செயற்கைச் சுவாசக் கருவியின் குழாயில் தேங்கிய தண்ணீர் தளும்பினாலும் மூச்சுக்கு மூச்சு அழகான மந்த அலை போலவே தெரியும். குழாயை வடித்துவிட்டு மறுபடி பாருங்கள்.

பிறகு கட்டளை. 'வலது கையை மூடித் திறந்துகொண்டே இருங்கள்' என்று சொல்லி 10 விநாடி, 'நிறுத்துங்கள்' என்று சொல்லி 10 விநாடி. இப்படிப் பலமுறை, இடது கைக்கும். நோயாளியின் தாய்மொழியில், ஒரே குரலில் பதிவுசெய்து காதொலிப்பானில் கொடுங்கள். கை அசையாமலே இரண்டு கட்டளைகளுக்கும் அலை மாறுகிறதா என்று கணினி பிரித்துப் பார்க்கும். கை உண்மையிலேயே அசையவில்லை என்பதற்குத் தசை மின்முனைதான் சாட்சி. நியூயார்க்கில் இப்படிச் சோதித்து 2019இல் வெளியிட்ட ஆய்வில் 104 பேரில் 16 பேருக்கு அந்த மாற்றம் தெரிந்தது. ஓராண்டு கழித்து, பகலில் 8 மணி நேரம் துணையின்றி இருக்க முடிந்தவர்கள் அந்தப் பிரிவில் 44 சதவீதம். மற்றவர்களில் 14 சதவீதம்.

மாற்றம் தெரியவில்லை என்றால்? 2011இல் கையையும் கால்விரலையும் அசைப்பதாக நினைக்கச் சொன்ன இன்னொரு சோதனையில், நல்ல உடல்நலத்தோடு இருந்த 12 பேரிலும் 3 பேரின் பதிவில் அலை மாற்றம் எதுவும் தெரியவில்லை. காது கேட்காமல் இருக்கலாம், பேச்சுப் புரியாமல் இருக்கலாம், அந்த நேரம் தூங்கியிருக்கலாம். ஆகவே அறிக்கையில் 'உணர்வு இல்லை' என்று ஒருபோதும் எழுதாதீர்கள்; 'இந்தப் பதிவில் கட்டளைக்கான மாற்றம் காணப்படவில்லை' என்று எழுதி, வேறொரு நாள் விழித்திருக்கும் நேரமாகப் பார்த்து மறுபடி எடுங்கள்.